ஆலய அலமாரியில் இருக்கும் எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள்: தோட்டப்புற ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியத் தோட்டப்புற ஆலயங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஆலய அலுவலக அறையில் இருக்கும் இரும்பு அலமாரியைப் பற்றித்தான் இந்த மடல். எந்த அலமாரி என்று உங்களுக்கே தெரியும். சாவி பழைய பொருளாளரிடம் இருக்கும், இல்லையென்றால் எப்போதோ தொலைந்திருக்கும். மேல் தட்டில் சங்கப் பதிவகத்துக்கு வருடா வருடம் அனுப்பிய அறிக்கைகளின் நகல்கள், நடுத் தட்டில் ரசீதுப் புத்தகங்கள், ஒலிபெருக்கி ஒயர், போன வருடத் திருவிழாவின் மிச்ச அழைப்பிதழ்கள். அடித் தட்டில், கரையான் தின்றது போக மிஞ்சிய நீளமான கணக்குப் புத்தகங்கள். நான் கேட்பது அந்த அடித் தட்டை. எடுத்துக்கொண்டு போக இல்லை. திறந்து பார்க்கவும் படம் எடுத்துக்கொள்ளவும் அனுமதி வேண்டும். அதுவரை தயவுசெய்து எதையும் தூக்கிப் போடாமல் இருக்க வேண்டும்.

ஒரே ஓர் ஆலயத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை ஏன் எல்லாருக்கும் எழுதுகிறேன் என்றால், யாருடைய கொள்ளுத்தாத்தா எந்த ஆலயத்துப் புத்தகத்தில் இருக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது. 1950-களின் கடைசியிலும் 1960-களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் சிதறின. ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் என்ற வீட்டுக் குடியிருப்பு வந்தது. லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) இருந்த இடத்தில் இன்று பெட்ரோல் நிலையம் நிற்கிறது. சாமி மட்டும் எப்படியோ இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன இடத்தில் குடியேறி, கூடவே தன் அலமாரியையும் கொண்டுவந்துவிட்டது.

எனக்குத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் மேல் ஒரு பொறாமை உண்டு. 1860-லிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி, வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். மொரிஷியஸில் மோக்கா என்ற ஊரில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. பலருக்குப் புகைப்படமே இருக்கிறது. ஃபிஜிக்குப் போனவர்களுக்குக் குடியேற்ற அனுமதிச் சீட்டு இருக்கிறது. அந்தச் சீட்டுகளை எழுதிய வெள்ளைக்காரனுக்கு நம் மேல் அன்பு ஒன்றும் கிடையாது. ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், அதற்காக எழுதினான். ஆனால் எழுதினான். அந்த அடிமைச் சீட்டு இன்று பேரப்பிள்ளைகளுக்குக் கிராமத்தின் பெயரைச் சொல்கிறது.

மலாயா கதை வேறு. இங்கே சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்தக் கூலி முறை 1910-லேயே முடிவுக்கு வந்தது. நம்மில் பெரும்பாலானவர்களின் முன்னோர் அதற்குப் பிறகு கங்காணி கூட்டி வந்தோ, சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்தோ வந்தவர்கள். கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், மாமன் மச்சான் அங்காளி பங்காளி என்று ஆள் திரட்டி, நாகப்பட்டினத்து முகாமிலோ ஆவடி முகாமிலோ கொண்டுவந்து நிறுத்துவார். கப்பல் செலவுக்கு முதலாளிகளிடம் வரி பிரித்து 1907-இல் ஏற்படுத்திய நிதி இருந்தது. கப்பலின் மேல்தளத்தில் ஆயிரக்கணக்கில் ஏற்றி, பினாங்கு ஜெரெஜாக் தீவிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ கொரண்டைனில் வைத்து, அப்புறம் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 1920-களிலிருந்து இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் கோலாலம்பூரில் உட்கார்ந்து ஆண்டறிக்கை எழுதினார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், ஆணுக்கு எவ்வளவு கூலி, பெண்ணுக்கு எவ்வளவு குறைவு, எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல அறிக்கைகள்தான். ஆனால் அதில் முனியாண்டியும் இல்லை, லெட்சுமியும் இல்லை. நேட்டால்காரர் போல உட்கார்ந்த இடத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடி எடுக்கும் வசதி மலாயாத் தோட்டத்துப் பிள்ளைக்கு இல்லை.

வீட்டில் இருக்கும் காகிதங்களாவது உதவுமா என்றால், கொஞ்ச தூரம்தான். என் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தாத்தா பெயர் இருக்கிறது. தாத்தாவின் சிவப்பு அடையாளக் கார்டில் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறது. ஒவ்வொரு காகிதமும் ஒரு தலைமுறை பின்னால் போகும், அவ்வளவுதான். 'அனாக் லெலாக்கி' (மலாயில் 'மகன்') போட்டு ஒரே ஒரு தகப்பன் பெயரோடு நின்றுவிடும். ஊர் என்ற கட்டத்தில் 'இந்தியா'. கொள்ளுத்தாத்தாவின் பெயரும் தேடிப் பிடிக்க லேசான பெயர் இல்லை. லயத்து வாசலில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர். தோட்டத்து எழுத்தரான கிராணி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார்.

எனக்கு அவரைப் பற்றிக் கிடைத்த மிச்சமெல்லாம் ஓர் ஆலயத்துக் கணக்குப் புத்தகத்தில் கிடைத்தது. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து இடம் மாறிய ஆலயம். அந்தக் குழுவின் செயலாளர் நல்ல மனிதர்; ஒரு நாள் முழுக்க அறையைத் திறந்து விட்டார், தேத்தண்ணியும் கொடுத்தார். அந்தப் புத்தகம் என்ன சொல்லிற்று என்பதை விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் அலமாரியில் என்ன இருக்கக்கூடும் என்று நீங்கள் அப்போதுதான் நம்புவீர்கள்.

திருவிழா வரவில் அவர் பெயர் முதலில் வருவது 1924-இல். 50 காசு கொடுத்திருக்கிறார். இதிலேயே ஒரு குடும்பக் கதை உடைந்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் "தாத்தா ரஜூலா கப்பல்ல வந்தவரு" என்றுதான் சொல்வார்கள். ரஜூலா கட்டப்பட்டது 1926-இல். இல்லாத கப்பலில் எப்படி வருவார்? (மலேசியாவில் பாதித் தமிழர்கள் தங்கள் தாத்தா ரஜூலாவில் வந்ததாகத்தான் சொல்கிறார்கள். அத்தனை பேரையும் ஏற்றியிருந்தால் அது ஜெரெஜாக் வருவதற்குள் மூழ்கியிருக்கும்.) ஆனால் அடுத்த பக்கங்களைப் பாருங்கள். 1927-இல் அவர் பெயர் இல்லை. 1928-இல் மறுபடி இருக்கிறது, பக்கத்தில் 'குடும்பம்' என்று எழுதி 1 வெள்ளி (டாலர்). ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்து, பெண்டாட்டியோடு திரும்பியிருக்கிறார். ரஜூலா கதை அந்த இரண்டாவது பயணத்துடையதாக இருக்கலாம். கொள்ளுப்பாட்டி வந்த கப்பல் அது. குடும்பத்தின் நினைவில் அது அவர் வந்த கப்பலாக மாறிவிட்டது.

1931-இல் அவர் கொடுத்தது 20 காசு. 1932-இல் புத்தகத்தில் பாதிப் பெயர்கள் காணவில்லை. உலகம் முழுக்க ரப்பர் விலை விழுந்த காலம். வேலை இல்லை என்று தோட்டங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின. சரித்திரப் புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்துவிட்டுப் போகிற விஷயம். இங்கே அது பெயர் பெயராக உதிர்ந்து கிடக்கிறது. கொள்ளுத்தாத்தாவை ஏன் அனுப்பவில்லை? அடுத்த வரிகளைப் படித்தால் ஊகிக்க முடிகிறது: அவர் பெயர் அப்போதே மண்டோர் (மேற்பார்வையாளர்) பெயருக்கு அடுத்ததாக எழுதப்பட்டிருக்கிறது. வேண்டப்பட்டவர் போலிருக்கிறது. இது எனக்கு அவ்வளவு பிடித்த செய்தி இல்லை, ஆனாலும் செய்திதான்.

1935-இல் ஆலயத்துக்குப் பெரிய மணி வாங்குவது என்று ஒரு தீர்மானம். அதன் கீழே ஏழெட்டுப் பேர் ஒப்பம். சிலர் கைநாட்டு. என் கொள்ளுத்தாத்தா கையெழுத்துப் போட்டிருக்கிறார், தமிழில், பெரிய பெரிய எழுத்தாக. இதைப் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். காரணம், அவருடைய பழைய அடையாளக் கார்டில் பெருவிரல் ரேகை இருந்தது. 1948-இல் அவசரகாலம் வந்து, 12 வயதைத் தாண்டிய எல்லாரையும் பதிவு செய்தபோது படித்தவன் படிக்காதவன் எல்லாரிடமும் ரேகை வாங்கினார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு ரேகையால் ஒரு மனிதர் மூன்று தலைமுறையாகக் கைநாட்டுப் பேர்வழி ஆகியிருந்தார்.

1938-க்குப் பிறகு புத்தகத்தில் புதுப் பெயர்கள் சேர்வது சட்டென்று குறைகிறது. அந்த ஜூன் மாதம் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது. அதன் பிறகு சேரும் பெயர்களில் அதிகமும் இங்கேயே பிறந்து ஆளான பிள்ளைகள்.

அடுத்து ஜப்பான்காரன் காலம். 1944-ஆம் வருட வரவைப் பார்த்தால் தோட்டத்தில் எல்லாரும் கோடீஸ்வரர்கள் போலத் தெரியும். நூறு, இருநூறு வெள்ளி என்று எழுதியிருக்கிறது. எல்லாம் ஜப்பான்காரன் அடித்த, மதிப்பில்லாத வாழைமர நோட்டு. அந்தப் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயர் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் ஒரு காகிதத்தில் தனியாக எழுதப்பட்டு நான் பார்த்த ஒரே இடம் அதுதான். பால் வெட்டியவர் அவர். செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேட்டில் பெயர் இருந்திருக்கும், ஆனால் செக்ரோல் கம்பெனியின் சொத்து, கம்பெனி எத்தனையோ தடவை கைமாறிவிட்டது. ஆலயக் கணக்கு குடும்பத் தலைவர் பேரில் எழுதுவது. ஆண்கள் இல்லாமல் போன அந்த ஓரிரு வருடங்களில் மட்டும் பெண்களுக்கு அங்கே பெயர் கிடைத்திருக்கிறது.

ஆண்கள் எங்கே போனார்கள் என்பதற்கு 1946-ஆம் வருடப் பக்கம் பதில் சொல்கிறது. "சயாமில் தவறியவர்கள் பேரில் அன்னதானம்" என்று தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே பெயர்கள். பக்கத்தில் லயத்து எண். கொள்ளுத்தாத்தா பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர்கள் வரிசையில் இருக்கிறது. திரும்பி வந்திருக்கிறார். எங்கள் வீட்டில் யாரும் சயாம் என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டதே இல்லை.

குழுவினரே, இந்த ஒரு பக்கத்துக்காகவாவது அடித் தட்டைத் திறந்து பாருங்கள். ஜப்பான்காரன் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவில் போட்ட 415 கிலோமீட்டர் நீளமுள்ள மரண ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனால் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறைகள், ஒழுங்காகப் புல் வெட்டி, பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்து வைத்திருக்கிறார்கள். நம் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிப்போன தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. சில தோட்டங்களில் அவர்களின் பெயர்கள் எழுதப்பட்ட ஒரே இடம் ஆலயத்து அன்னதானக் கணக்காக இருக்கலாம். அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டால் போனது போனதுதான்.

போட்டிருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். கும்பாபிஷேகத்துக்காக இடித்துக் கட்டிய ஓர் ஆலயத்தில், இடிபாட்டோடு சேர்த்து அலமாரியில் இருந்ததையும் லாரியில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. புதுச் சிலை, புதுக் கோபுரம், புதுக் கணக்கு என்ற உற்சாகம். பித்தளைச் சாமான்களும் அப்படியே எடைக்குப் போயிருக்கின்றன. அதுவும் வயிற்றெரிச்சல்தான். பழைய மணி, குத்துவிளக்கு, அண்டா, தவலை எதை எடுத்தாலும் விளிம்பில் உபயக்காரர் பெயர் வெட்டியிருக்கும். தோட்டத்தில் அதே பெயரில் நாலு பேர் இருந்ததால், வேறுபடுத்திக் காட்ட ஊர்ப் பெயரையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். 1935-இல் தீர்மானம் போட்டு வாங்கினார்களே, அந்த மணியில் என் கொள்ளுத்தாத்தா பெயருக்கு முன்னால் துறையூர் என்று இருக்கிறது. திருச்சி ஜில்லா துறையூர். தாலுகா வரைக்கும் வந்துவிட்டேன், கிராமம் இன்னும் பிடிபடவில்லை. இருந்தாலும் 'இந்தியா' என்பதிலிருந்து 'துறையூர்' என்பது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு குழுத் தலைவர் என்னிடம் நேராகவே கேட்டார். சொத்துக்கா, விசாவுக்கா? இரண்டும் இல்லை. துறையூரில் எனக்குக் காணி இருந்தாலும் அதை எழுதிக் கேட்கப் போவதில்லை. எனக்கு இருப்பது ஆசை, வெறும் தெரிந்துகொள்ளும் ஆசை. இருபது வயதில் ஒருவன் எதை நம்பிக் கங்காணி பின்னால் நடந்தான்? கடனா, பஞ்சமா, அண்ணன் தம்பிச் சண்டையா, இல்லை சும்மா ஊர் பார்க்கவா? மேல்தளத்தில் படுத்துக் கிடந்தபோது பக்கத்தில் படுத்திருந்தவன் யார்? அந்தப் பக்கத்துப் படுக்கைக்காரன் பிள்ளைகளும் எங்கேயாவது இருப்பார்கள். முதல் நாள் அட்டை கடித்தபோது திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாரா? அவர் அம்மாவுக்கு யார் கடிதம் எழுதினார்கள்? கையெழுத்துப் போடத் தெரிந்தவர் என்பது தெரிந்த பிறகு இந்தக் கடைசிக் கேள்வி என்னை விடவே மாட்டேன் என்கிறது.

இனி உங்கள் தரப்புத் தயக்கங்கள். நான் பேசிப் பார்த்த வரையில் மூன்று சொல்கிறார்கள்.

முதலாவது சாதி. பழைய புத்தகங்களில் பெயரோடு சாதிப் பட்டம் ஒட்டியிருக்கிறது. சில தோட்டங்களில் மேட்டு லயம் பள்ளத்து லயம் என்று வரி பிரித்ததே தனித்தனிக் கணக்கு. யாரை எங்கே நிற்க வைத்தார்கள், யாரிடம் வரி வாங்கிக்கொண்டு யாருக்குக் காப்புக் கட்ட மறுத்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். இன்றைக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் குடும்பங்களுக்கு நடுவில் இதை ஏன் கிளப்ப வேண்டும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அதற்காக மையால் அடித்துவிடுவது தப்பு. ஓர் ஆலயத்தில் அடித்திருந்ததைப் பார்த்தேன். பட்டத்தோடு சேர்த்துப் பெயரும் போய்விட்டது. படம் எடுத்து வையுங்கள். ஒரு குடும்பம் தன் பெரியவரைப் பற்றிக் கேட்டால் அந்த வரியை அவர்களுக்குக் காட்டுங்கள். எல்லாவற்றையும் ஊருக்கு ஒலிபெருக்கியில் படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது குடும்ப ரகசியம். இது சாதியை விடச் சிக்கல். சயாமிலிருந்து திரும்பி வந்தவர், தன் பெண்டாட்டி வேறொருவரோடு குடும்பம் நடத்துவதைப் பார்த்திருக்கிறார். செத்துவிட்டார் என்று நினைத்துத்தான் அவள் போனாள், அவளும் பிள்ளைகளும் பிழைக்க வேண்டாமா? ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று இருந்தவர்கள் உண்டு. கைமாற்று வாங்கித் திருப்பித் தராதவர் பெயரும் கணக்கில் இருக்கும், அவர் பேரன் இன்று உங்கள் குழுவிலேயே இருப்பார். என் யோசனை எளிமையானது. மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) முந்தைய, அதாவது 1957 ஆகஸ்டுக்கு முந்தைய பக்கங்களை யார் வந்து கேட்டாலும் பார்க்க விடுங்கள். அதற்குப் பிந்தையதை அந்தக் குடும்பத்தார் கேட்டால் மட்டும், அவர்கள் பக்கத்தை மட்டும் காட்டுங்கள். இதைவிட நல்ல வழி உங்களுக்குத் தோன்றினால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது நிலம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லார் மனதிலும் இருக்கிறது. தோட்டத்துரை வாய்மொழியாகக் கொடுத்த இடத்தில் கட்டிய ஆலயம், பட்டா கிடையாது, பழைய காகிதத்தை வெளியே காட்டினால் ஏதாவது வம்பு வருமோ என்று. என் பார்வையில் இது தலைகீழ். 1924-லிருந்து வருடா வருடம் திருவிழா நடந்ததற்குக் கணக்கு இருக்கிற ஆலயம், அது இல்லாத ஆலயத்தை விடப் பேச்சுவார்த்தையில் வலுவாகத்தான் நிற்கும். அந்தப் புத்தகத்தைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டு, நாளைக்கு "நாங்கள் நூறு வருடமாக இங்கே இருக்கிறோம்" என்று வாயால் மட்டும் சொல்லி என்ன பயன்?

படம் எடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைப்பேசி போதும். ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம், பக்கத்தின் நாலு ஓரமும் தெரிய வேண்டும். முதலில் அட்டை, அப்புறம் வரிசையாகப் பக்கங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். கிழிந்து போனதா, எழுதவே இல்லையா என்பது பின்னால் அதை வைத்துத்தான் தெரியும். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க முயலாதீர்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். நல்ல எண்ணத்தில் லேமினேட் செய்துவிடுகிறார்கள், அது காகிதத்துக்குக் கொள்ளி வைப்பது. எடுத்து முடித்ததும் புத்தகத்தைத் தரையிலிருந்து உயரமான இடத்தில், சுவரோடு ஒட்டாமல் வையுங்கள், போதும். மூலம் உங்களிடமே இருக்கட்டும். படங்களில் ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இன்னொன்றை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலும் கொடுக்கலாமா என்று குழுவில் பேசிப் பாருங்கள். 1956-லிருந்து இருக்கிற துறை அது. நம் பிள்ளைகள் ஆய்வுக்கு விஷயம் தேடி அலைகிறார்கள். விஷயம் உங்கள் அலமாரியில் இருக்கிறது.

ஆலயம் மட்டுமா என்று கேட்பீர்கள். உங்களில் பலர் தமிழ்ப்பள்ளி வாரியத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இருக்கிறீர்கள், அதனால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அந்தப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஏன் விலகியது என்று இருக்கும். 'ஊருக்குப் போனார்கள்', 'வேறு தோட்டம்' என்ற இரண்டு சொல்லில் ஒரு குடும்பம் எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துவிடும். பள்ளி மூடும்போதும் இடம் மாறும்போதும் முதலில் காணாமல் போவது இந்தப் பதிவேடு. கூட்டுறவுச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்ந்த தோட்டத்து மக்களின் விண்ணப்பங்கள் எங்கேயாவது கட்டிக் கிடந்தால், அதுவும் ஒரு புதையல்தான். கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, பெற்றோர் பெயரோடு. பாதிரியார்கள் எழுதுவதில் கில்லாடிகள்.

கடைசியாக ஒரு கோரிக்கை, இது நடைமுறைக்கானது. ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்படியும் நடத்துகிறீர்கள். அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரலில் 'பழைய கணக்குப் புத்தகங்கள்' என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு தீர்மானம் போதும்: குழுவின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பழைய புத்தகங்களையும் பெயர் வெட்டிய பித்தளைச் சாமான்களையும் அப்புறப்படுத்தக் கூடாது, அவற்றைப் படம் எடுத்து வைக்க ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும். கூட்டத்துக்கு வரும் பெரியவர்கள் வீட்டிலும் ஏதாவது புத்தகம் கிடக்கும். பழைய பொருளாளர் காலமானதும் பிள்ளைகள் என்ன செய்வது என்று தெரியாமல் மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

பொறுப்பேற்க ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். என்னோடு பல்கலைக்கழக மாணவர்கள் சிலரும் வரத் தயாராக இருக்கிறார்கள். பழைய கையெழுத்துப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார். அரைக்கால் மாகாணிக் கணக்கெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்டபாடு. குழுவிலிருந்து ஒருவர் கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும், நாங்கள் ஒரு தாளைக்கூட வாசலைத் தாண்டிக் கொண்டுபோக மாட்டோம். சாப்பாடு நாங்களே கட்டி எடுத்து வருவோம். திருவிழா வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்குள் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.

இப்படிக்கு,
1924-இல் 50 காசு கொடுத்தவரின் கொள்ளுப்பேத்தி